வஞ்சிரத்துக்கு விழுந்த சிவப்புப் புள்ளி

இன்று காலை உன் மேல் ஒரு புகார் வந்திருக்கிறது. காபி டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு உன் வலைப்பூவின் உள்பக்கத்தைத் திறந்தால், மேலேயே ஒரு சிவப்புப் பட்டை. ‘ஆசிரியர் நெடுநாளாக எதுவும் எழுதவில்லை. பதிவுகள் பழையதாகிவிட்டன. தேடலில் பின்தங்குகிறீர்கள்.’ ஏன் எழுதவில்லை என்று வலைப்பூவோடு ஒட்டியிருக்கும் அந்தப் பிளகின் மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? போன மழைக்காலத்தில் நெஞ்சு வலிக்கிறது என்று ஆட்டோவில் ஏறிய நீ திரும்பி வரவில்லை. எனக்கு முதலில் கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது. நீ இருந்திருந்தால், “பாத்தியா, உக்காந்து வேவு பாக்குது” என்று சொல்லியிருப்பாய்.

பட்டைக்குக் கீழே இன்னொரு வரி. உன் பதிவுகள் எல்லாவற்றையும் தானே திருத்தி எழுதித் தேடலில் மேலே கொண்டுவருமாம். ஒரு பொத்தானை அழுத்தினால் போதுமாம். வலிய வந்து உதவுகிறவர்களை நீ எந்தக் கண்ணால் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். நானும் அந்தக் கண்ணால்தான் பார்த்தேன்.

நம் சிநேகமே சந்தேகத்தில் தொடங்கியதுதானே. நொச்சிக்குப்பத்தை ஒட்டிய சாலையோரத்தில் நீ மீன் விற்றுக்கொண்டிருந்தாய். ஆழ்வார்பேட்டையில் வீட்டிலிருந்தபடி தி.நகர் கடைகளுக்கு வலைத்தளம் பார்த்துக்கொடுக்கும் நான், உன் சங்கரா மீனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். நீ என் ரூபாய் நோட்டை வெயிலில் தூக்கிப் பார்த்தாய். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாலைக் கல்லூரியில் பி.காம். முடித்துவிட்டு, ஒருத்தன் கீழே கைகட்டி உட்கார என்னால் ஆகாது என்று மீன் விற்க வந்தவள் நீ என்பதெல்லாம் பிறகுதான் தெரியும்.

மீன் வாங்கப் போகிறவர்கள் எப்படியெல்லாம் ஏமாறுகிறார்கள் என்று எழுத வேண்டும், எனக்கு ஒரு வலைப்பூ போட்டுக் கொடு என்று ஒரு நாள் கேட்டாய். விற்கிறவளே இதை எழுதினால் பக்கத்துக் கடைக்காரிகள் சும்மா விடுவார்களா? விடவில்லை. கொஞ்ச நாள் உனக்கு யாரும் ஒரு கட்டி ஐஸ்கூடக் கடன் தரவில்லை. நீ அசரவில்லை. இரண்டு தெரு தள்ளிப் போய் ஐஸ் வாங்கி வந்தாய், அங்கேயும் ஐஸில் கலப்படம் இருக்கிறதென்று முறைத்துவிட்டு.

பிளகினைப் பற்றி உனக்கு விளக்கப் போய் நான் பட்ட பாடு இருக்கிறதே! வலைப்பூவோடு சேர்த்துக்கொள்ளும் ஒரு சின்ன மென்பொருள், நீ எழுதியதைப் படித்துப் பார்த்து, இது தேடுகிறவர்கள் கண்ணில் படுமா என்று சொல்லும், நன்றாயிருந்தால் பச்சைப் புள்ளி, சுமாருக்கு ஆரஞ்சு, தேறாது என்றால் சிவப்பு என்றேன். நீ திரையையே உற்றுப் பார்த்தாய்.

“சிக்னல் மாதிரி கீது. சரி, போலீஸ்காரரு எங்க மறஞ்சுக்கினு நிக்கிறாரு?”

“யாரும் நிக்கலடி. சும்மா தர்றாங்க.”

“சும்மா தரானா? அப்ப இன்னாவோ கீது.”

உன் முதல் பதிவு வஞ்சிரத்தைப் பற்றியது. அதற்கு விழுந்தது சிவப்புப் புள்ளி. தலைப்பில் ‘வஞ்சிரம்’ இல்லை, முதல் பத்தியில் இல்லை, துணைத்தலைப்பில் இல்லை, வாக்கியங்கள் நீளம் என்று பிளகின் குற்றப்பத்திரிகை வாசித்தது. நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்துவிட்டாய்.

“எத்தினி தபா வஞ்சிரம் வஞ்சிரம்னு சொல்றது? நான் இன்னா இங்க கூவிக்கினா கீறேன்?”

“தினம் காலைல அதைத்தானே பண்ற?”

“அது மீன் விக்கறதுக்கு. இது நெசத்த சொல்றதுக்கு. நெசத்த ஒரு தபா சொன்னா போதும்.”

கடைசியில் தலைப்பை மட்டும் மாற்ற ஒத்துக்கொண்டாய். புள்ளி ஆரஞ்சுக்கு வந்தது. அதற்கு மேல் நீயும் இறங்கவில்லை, அதுவும் ஏறவில்லை. ‘அருமையான பதிவு, தொடருங்கள்’ என்று யாரோ பின்னூட்டம் போட்ட அன்று என்னைக் கூப்பிட்டு, “இத நீதான எழுதுன?” என்று மிரட்டினாய். இல்லை என்று நான் சத்தியம் செய்த பிறகு, “அப்ப இவன் திருடன். பேச்சுல மீனே இல்ல பாரு” என்றாய். பார்த்தால் கடன் விளம்பரம் ஒட்டுவதற்காக ஏதோ ஒரு இயந்திரம் எழுதியது அது. அன்று முழுவதும் உன்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

ஒரே ஒரு முறைதான் நீ பிளகினுக்கு மனசாரத் தலையாட்டினாய். படத்துக்கு விவரம் எழுதவில்லை என்று அது நச்சரித்தது. ‘மீன் படம். கண்ணு தெரியலயா?’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாய். கண் தெரியாதவர்களுக்குத்தான் அது, அவர்களுடைய போன் இதைத்தான் வாய்விட்டுப் படித்துக் காட்டும் என்றேன். நீ எழுதியதை அழித்துவிட்டு, வஞ்சிரத்தின் முதுகு எந்த நீலம், வயிறு எப்படி வெளுத்திருக்கும், விரலால் தடவினால் எப்படி வழுக்கும் என்று ஒரு பத்தி எழுதினாய். அதற்கப்புறம் நீ போட்ட எந்தப் படமும் விவரம் இல்லாமல் போனதில்லை. “இது ஒண்ணுதான் இந்தப் பிளகினு உருப்படியா கேட்டுது” என்று ஒத்துக்கொண்டாய்.

போன வாரம் தி.நகரில் ஒரு கடையின் கணினியில் உட்கார்ந்து, வஞ்சிரம் எப்படி வாங்குவது என்று அடித்து உன்னைத் தேடிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் இல்லை. அடுத்தடுத்த பக்கங்களிலும் இல்லை. எங்கோ கீழே, பாத்திரக்கடை விளம்பரங்களுக்கு நடுவே கிடந்தாய். எனக்குப் பயமாக இருந்தது. யாரும் படிக்காமல் போனால், நீ எழுதினாய் என்பதே இல்லாமல் போய்விடும். அதனால்தான், உள்ளபடி சொல்கிறேன், இன்று காலை அந்தப் பொத்தானை அழுத்திவிடலாமா என்று என் கை போனது. ஆனால் எழுத்து என்னுடையது இல்லையே. உன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

படகு கரையேறியதும் மத்தியானம் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். விஷயத்தைச் சொல்லிவிட்டு, வஞ்சிரப் பதிவை மட்டும் மாதிரிக்கு மாற்றிக் காட்டு என்று பிளகினிடம் கேட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் எழுதிவிட்டது. வாசித்துக் காட்டினேன்: ‘புத்தம் புதிய வஞ்சிரம் மீனை அடையாளம் காண்பது மிக எளிது. செவுள் சிவப்பாக இருந்தால் வஞ்சிரம் மீன் புதியது. நம்பிக்கையான வியாபாரியிடம் வஞ்சிரம் மீனை வாங்கி மகிழுங்கள்!’ பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது.

அவர் முகம் சுளித்தார். “செவுளு செவப்பா இருந்தா நம்பிடறதா? எங்க வூட்டம்மா அப்டி சொல்லவே சொல்லாதே, தங்கச்சி.”

நீ எழுதியதை எடுத்தேன். ‘செவுள் சிவப்பாக இருக்கிறதா? உடனே சந்தோஷப்படாதே, ரத்தத்தைத் தடவினாலும் சிவப்புத்தான், அதனால் கண்ணைப் பார், விரலால் அழுத்து, மோந்து பார், அதற்கப்புறமும் நம்பாதே. நாளைக்கு என்னிடம் வாங்க வந்தாலும் இதையேதான் செய்ய வேண்டும்.’

“தோ, இதான் அது” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சந்தேகத்தை மட்டும் சுத்தமாகத் துடைத்துவிட்டு மிச்சத்தை வைத்திருந்தது அந்தப் பிளகின். நீ யாரிடமிருந்து ஜனங்களைக் காப்பாற்ற எழுதினாயோ, அவனே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தது போல இருந்தது. ஆனாலும் சொல்ல வேண்டியதை நான் சொன்னேன்.

“அண்ணா, இதை மாத்தலேன்னா இனிமே யார் கண்ணுலயும் படாது. கீழ போய்க்கிட்டே இருக்கும்.”

“யாரு சொன்னா?” அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். ஒற்றை விரலால் தடவித் தடவி, வஞ்சிரம் எப்படி வாங்குவது என்று அடித்தார். என் பக்கம் திருப்பினார். முதலில் நீ இருந்தாய்.

“தோ பாரு. படகுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தபா பாப்பேன், வந்து ஒரு தபா பாப்பேன். ஒரு நாளு கூட கீழ போனதில்ல.”

ஒருவர் திரும்பத் திரும்பத் திறக்கிற பக்கத்தை அவருடைய போன் கவனித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை தேடும்போது அதையே முன்னால் கொண்டுவந்து காட்டும். என் தொழிலில் இது பாலபாடம். அவருடைய போனில் நீ முதலில் வருவது அவர் ஒருவருக்காக மட்டும்தான்.

பொத்தானை அழுத்தவில்லை. அவர் கண் முன்னாலேயே பிளகினைக் கழற்றிவிட்டேன். நீ எழுதியது எழுதியபடியே இருக்கிறது. எதையும் நம்பாதே என்று எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். பச்சை விளக்கை, இலவசத்தை, பாராட்டை, எதையும் இனி நான் இரண்டு தடவை மோந்து பார்க்காமல் விடுவதில்லை. அந்தச் சந்தேகத்தை ஆயுசுக்கும் வைத்திருப்பேன். இன்று மத்தியானம் ஒரு நிமிஷம் மட்டும் அதை வாயைத் திறக்க விடவில்லை.

அவர் போனை நீட்டியபடியே இருந்தார்.

“ஆமாண்ணா” என்றேன். “எல்லாருக்கும் இதுதான் மொதல்ல வருது.”