மஞ்சளாகத் தெரிந்த வெள்ளைத் துணி

மார்ச் 4, செவ்வாய்

ஆய்வகத்தில் பதினோரு நாள் வேலை இன்று முடிந்தது. நாற்பது கிலோ காய்ந்த டிஜிட்டாலிஸ் இலையை ஊறவைத்து, வடித்து, பிரித்து, கடைசியில் கண்ணாடித் தட்டில் மிஞ்சியது நாற்பது கிராம்கூடத் தேறாத வெள்ளைப் பொடி. இதயத் துடிப்பை ஒழுங்காக்கும் மருந்து. மனசுக்குள் ஒரே குதியாட்டம்.

சாப்பிடும்போது அண்ணனிடம் பீற்றிக்கொண்டேன். பால்கனித் தொட்டியைக் காட்டி, "நீ காலையில போடுற மாத்திரை எங்கிருந்து வருதுன்னு நினைச்சே? இந்தச் செடியிலிருந்துதான்" என்றேன். ஆய்வகத் தோட்டத்தில் மிஞ்சிய நாற்று. மணி மணியாகப் பூக்கும் என்று போன வருடம் எடுத்துவந்தது.

"அப்ப மருந்துக்கடையையே வீட்டுல வச்சிருக்கேன்னு சொல்லு பாப்பா."

நாற்பத்தாறு வயதிலும் நான் அவனுக்குப் பாப்பா.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் வாந்தி. கேட்டால் "வெயில்" என்கிறான். டாக்டர் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அண்ணி உயிரோடு இருந்திருந்தால் ஒரே அதட்டலில் கிளப்பியிருப்பாள். எனக்கு அந்தக் குரல் வராது.

மார்ச் 12, புதன்

அண்ணனின் தையல் கடைக்குப் போனேன். காஜா எடுக்கும் அக்கா வாசலிலேயே கையைப் பிடித்தாள். "உங்க அண்ணனுக்கு என்ன ஆச்சு? வெள்ளைத் துணியை மூணு தடவை திருப்பி அனுப்பிட்டார். மஞ்சளா இருக்காம்."

உள்ளே துணிக்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தான். "முப்பது வருஷமா தைக்கிறேன். எனக்கு வெள்ளை தெரியாதா?" துணியை வாங்கிப் பார்த்தேன். பளீர் வெள்ளை. அக்கா என்னைப் பார்த்தாள், நான் அக்காவைப் பார்த்தேன்.

கண்ணில் புரை விழுந்திருக்குமோ? சனிக்கிழமை கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டாவது போக வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில், இலைக் கிடங்கின் கதவில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைத் தாளில் கையெழுத்துப் போடப் போனேன். வருடா வருடம் படிக்காமலே போடும் கையெழுத்து. இன்று கண் ஒரு வரியில் மாட்டிக்கொண்டது. உடலுக்குள் போனால் பசியின்மை, வாந்தி, நாடி குறையும், பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும்.

மஞ்சள்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. நேரே பால்கனி. செடியின் அடியில் ஏழெட்டுக் காம்புகள் மொட்டையாக நின்றன. பூச்சி அரித்தது இல்லை — கத்தரியால் நறுக்கிய நேரான வெட்டு. அந்தக் கை யாருடையது என்று எனக்குத் தெரியாதா?

அண்ணன் கட்டிலில் கிடந்தான். மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பத்தெட்டு.

"இலையைத் தின்னியா? சொல்லுடா, தின்னியா?" அவனை 'டா' போட்டது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

"தின்னல பாப்பா. கொதிக்க வச்சுக் குடிச்சேன். தினம் ஒரு டம்ளர்."

ஆம்புலன்சில் ஒரு கையில் அவன் கை. இன்னொரு கையில் பிளாஸ்டிக் பை, அதில் மூன்று இலை.

மார்ச் 15, சனி

பிழைத்துவிட்டான். முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

நேற்று டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன் — இலையில் என்ன இருக்கிறது, அவன் போடும் மாத்திரையும் அதே மருந்துதான், அதற்கு மேல் இந்தக் கஷாயம், செடியைக் காட்டிப் பீற்றிக்கொண்டது நான்தான் என்பது வரை. திட்டு வாங்கத் தயாராக நின்றேன். "நீங்க இலையோட வந்ததால பிழைச்சோம். இல்லேன்னா எங்கெங்கேயோ தேடியிருப்போம்" என்றார்.

முறிமருந்து இன்னொரு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, மதியம் ஏற்றினார்கள். திரையில் 38. பிறகு 41. மாலைக்குள் 52. இன்று காலை நான் போனபோது 66. அறுபத்தாறு! சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதேன். பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அவரும் அழ ஆரம்பித்துவிட்டார். நல்ல சேதிதான் என்று சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

பசிக்கிறது என்றான்.

மார்ச் 18, செவ்வாய்

"ஏண்ணா இப்படிப் பண்ணினே?"

போர்வை ஓரத்துத் தையலை விரலால் தடவினான். "உனக்கு வெளியூர்ல பெரிய வேலை வந்துச்சாமே. என்னைச் சொல்லி வேண்டாம்னுட்டியாம். உன் ஆபீஸ்காரர் பேண்ட் அளவு குடுக்க வந்தப்ப சொன்னார். நான் சட்டுனு தேறிட்டா நீ போயிடுவேன்னு நினைச்சேன். மாத்திரையில துளியூண்டுதானே, இலையில முழுசா இருக்கும்ல?"

"முழுசாத்தான் இருக்கு. எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்? ஒரு இலையில கொஞ்சம் இருக்கும், பக்கத்து இலையில ரெண்டு மடங்கு இருக்கும். அதைப் பிரிச்சு அளக்கத்தானே நாங்க நாள் கணக்கா மாரடிக்கிறோம்?"

யோசித்தான். "அப்ப அளவெடுக்காம கத்தரி வச்சுட்டேன்னு சொல்லு."

சிரித்துவிட்டேன். அவனும். நர்ஸ் வந்து இரண்டு பேரையும் அதட்டினார்.

ஆனால் ஒன்று — அந்த வேலையை மறுத்தது அவனுக்காகத்தானா? புது ஊர், புது ஆட்கள், இருபது பேருக்கு மேல் பொறுப்பு. நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது. அவன் நோயை முன்னால் நிறுத்திவிட்டு நான் பின்னால் ஒளிந்துகொண்டேனோ? இதை அவனிடமும் சொன்னேன். "பயந்தாங்கொள்ளி" என்றான். அவ்வளவுதான். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

மார்ச் 22, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். தொட்டியை ஆய்வகத் தோட்டத்திலேயே கொண்டுபோய் விட்டேன். செடி மேல் எனக்குக் கோபமில்லை. அது என்ன செய்யும்?

அந்த வேலை இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேட்டு எழுதினேன். கடிதத்தை அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்து, ஒரு எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்தான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இந்தப் புது ஊரில் முதல் விடுமுறை நாள். ஒன்பது மணி வரை தூங்கினேன். எழுந்ததும் அண்ணனுக்குப் போன்.

"நாடி எழுபது. சாப்பிட்டாச்சு, மாத்திரை போட்டாச்சு, காஜா அக்கா வந்து பாத்துட்டும் போயாச்சு. இன்னும் என்ன பாப்பா? ஆள் நிக்குது, வை."

அவனே வைத்துவிட்டான். நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்தபடி நின்றேன். பிறகு தலைக்குக் குளித்து, ஈர முடியோடு ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு முழு ஆரஞ்சைச் சுளை சுளையாக உரித்துத் தின்றேன்.

இன்று வேறு எதுவும் நடக்கவில்லை.