காற்றுப் புகாத வீடு

ஹோல்செட்டர், நவம்பர் 9

அன்பு மகள் சுன்னிவாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், நியூசிலாந்தில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், கதை பிறகு ஆற அமர. அம்மா ஜெயித்துவிட்டேன், நம் வீட்டை விற்கவில்லை.

போன குளிர்காலத்தில் சமையலறைக் குழாய் உறைந்த அன்று, "இந்த மரவீட்டைச் சூடாக்குறதும் ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துறதும் ஒண்ணுதான் கன்வோர், வித்துட்டு டவுன்ல ஃபிளாட்டுக்குப் போயிரலாம்" என்று அப்பா சொன்னது உனக்குத் தெரியும். நான் விடுவேனா. ஒரு கோடை எனக்குக் கொடுங்கள், சுவரைச் சரிசெய்கிறேன், அளந்து பார்த்து மூன்றுக்குக் கீழே வந்தால் இருப்போம், தாண்டினால் விற்பனைப் பத்திரத்தில் நானே முதல் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். விசிறி வைத்து இழுத்தால் வீட்டுக் காற்று மணிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. நான்கு சனிக்கிழமை அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் வந்து கைகொடுத்தார்கள், நம் ஊர் வழக்கம்தானே, வாஃபிளும் காபியும்தான் கூலி. வெளிப்பலகையைக் கழற்றி மரநார்ப் பஞ்சு அடைத்துக் காற்றுத் தடுப்புத் தாள் சுற்றினோம். மூட்டுக்கு மூட்டுப் பட்டை ஒட்டியது நான், விரல் ரேகையே தேய்ந்துவிட்டது.

வியாழக்கிழமை அளவெடுக்க ஹோவர் என்ற பையன் வந்தான். ஒவ்வொரு ஜன்னலையும் தானே சாத்திப் பார்த்துவிட்டு, வாசற்கதவில் பெரிய விசிறியைப் பொருத்திச் சுற்றவிட்டான். ஏழு என்று காட்டியது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்பா என் தோளைத் தொட்டு, "உன் மேல தப்பில்ல, வீடு கெழடு" என்றார். குத்திக்காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அந்த ஆறுதலில் அழுதேவிட்டேன். ஹோவர்தான், "நீங்க ஒட்டியிருக்கிற நேர்த்திக்கு ஏழெல்லாம் வராதும்மா" என்று, காற்று எங்கே புகுகிறது என்று காட்டும் புகைக்குச்சியைக் கொளுத்திக்கொண்டு வீட்டுக்குள் சுற்றினான். மாடிப்படியில் எங்கள் படுக்கையறைப் பக்கமிருந்து வந்த காற்று புகையை விரட்டியது. போய்ப் பார்த்தால் ஜன்னல் ஒரு சாண் திறந்திருக்கிறது. ஹோவர் சாத்திய பிறகு மூக்குக்கண்ணாடி எடுக்க மேலே போனவர் உன் அப்பா ஒருவர்தான். மைனஸ் இருபதிலும் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிற மனிதர், நாற்பது வருடமாக அந்த அறையை விட்டு வரும்போது அதைத் திறக்காமல் வந்ததில்லை. "நான் தொறக்கவே இல்ல" என்று சாதித்தார். பிறகு தன் கையைப் பார்த்து, "இதுவாத்தான் தொறந்திருக்கும்" என்றார். ஹோவர் அதைச் சாத்திவிட்டு மறுபடி அளந்தான். ஒன்று புள்ளி எட்டு. கிழவி என்றும் பாராமல் கூடத்தில் ஒரு சுற்று ஆடினேன் மகளே. அப்பா என் எதிரிலேயே தரகருக்குப் போன் போட்டு, "வீடு விக்கிறதா இல்லைங்க, எங்க வீட்டம்மா பந்தயத்துல ஜெயிச்சிட்டாங்க" என்று சொன்னார்.

உன் வாடகை வீட்டுச் சுவர் ஈரம் கசிகிறது என்றாயே, அலமாரியை ஒரு சாண் தள்ளிப் போடு, துணியை உள்ளே காயப்போடாதே. கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் எடுக்க மறக்காதே. ஃபிளாட்டில் இடமிருக்காது என்று ஆகஸ்டில் உன் சாமான்களைப் பெட்டி கட்டி வைத்திருந்தார் அப்பா, உன்னிடம் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. நேற்று அந்தப் பதினோரு பெட்டியையும் அவரே மாடிக்குத் தூக்கிப் போய் உன் அறையில் பிரித்து அடுக்கினார். முட்டி வலி என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

ஆண்டவன் உன்னை நோய்நொடியில்லாமல் வைத்திருக்கட்டும்.

உன் அம்மா,
கன்வோர்