பத்திரை கழியட்டும்

கௌலவ கரணம்
நிலவின் தென்முனை ஆய்வுக்கூடம். எழுதுவது நாச்சம்மை, பாறை ஆய்வாளர்.
துளைக்கருவி சீர். காற்று, நீர் போதுமானவை. இங்கே இருவர்: நானும் பொறியாளர் மாசிலாமணியும். குறிப்புக்கு மணி போடாமல் கரணம் போடுவது அவன் பழக்கம், எனக்கும் ஒட்டிக்கொண்டது. இங்கே பூமி அடிவானத்தில் நிற்கும், சூரியன் சுற்றி வரும். இரண்டுக்கும் இடைக்கோணம் ஆறு பாகை மாறினால் ஒரு கரணம், அதாவது அரைத் திதி, ஏறக்குறைய அரை நாள். பஞ்சாங்கத்தை வானத்திலேயே படிக்கலாம்.
ஒவ்வொரு கரணம் பிறக்கும்போதும் அதன் பெயரைச் சொல்லும்படி தன் விண்ணுடையில் தன் குரலையே பதிந்திருக்கிறான். ஏழாவதான பத்திரைக்கு மட்டும் பதியவில்லை. "ஆகாத நேரத்துக்கு எதுக்குக்கா கூப்பாடு?" என்கிறான். பத்திரையில் வெளியே கால் வைக்கமாட்டான். கிறுக்கன்.

தைதுலம்
நல்ல கரணம் பார்த்துத்தான் போனான். கூடத்துக்கு வெளியே உள்ள இருண்ட பள்ளத்து விளிம்பில் மின்வடம் மாற்றும்போது மண் சரிந்து விழுந்துவிட்டான். கயிற்றில் கேமராவை இறக்கினேன். தலைக்கவசக் கண்ணாடி பிளந்திருக்கிறது. உள்ளே முகம் உறைந்திருக்கிறது. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

கரசை
வானொலியில் அவன் குரல்: "கரசை." பதிவுதான், தெரியும். தெரிந்தும் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன்.
தரை நிலையம்: "மீட்புக் கலம் கெளம்பிருச்சு நாச்சம்மை. அதுவரைக்கும் வெளிய போகாதீங்க. மண்ணு இன்னும் சரிஞ்சுக்கிட்டேதான் இருக்கு."
பிறகு அவன் அம்மாவை இணைத்தார்கள்: "எம்புள்ளய அந்த இருட்டுல விட்டுட்டு வந்துராத தாயி."
சரி என்றேன். வேறென்ன சொல்ல?

வணிசை
"வணிசை." வானொலியை அணைக்க மனம் வரவில்லை. கயிறும் கொக்கியும் எடுத்து வைத்தேன். தரை நிலையம் தொண்டை கிழியக் கத்தட்டும். சூரியன் சற்று நகர்ந்து விளிம்பில் வெளிச்சம் விழுந்ததும் இறங்கி உடலை மேலே ஏற்றுவேன்.

பத்திரை
உடை மாட்டிக்கொண்டு உள்கதவைத் தாண்டிவிட்டேன். அப்போது வானொலியில் அவன்: "அக்கா, இப்ப எறங்காதீங்க. பத்திரை கழியட்டும்."
பத்திரைக்குப் பதிவே கிடையாது.
திரும்பி உள்ளே வந்துவிட்டேன். தரை நிலையத்துக்கு எதுவும் கேட்கவில்லையாம். "கொஞ்சம் தூங்குங்க" என்கிறார்கள். செத்தவன் எனக்கு நேரம் பார்க்கிறான், நானும் கேட்டு உட்கார்ந்திருக்கிறேன். பயமாக இருக்கிறது. அவனை விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை.

பவம்
"பவம் பொறந்தாச்சுக்கா. நீங்க எறங்க வேணாம். நானே ஏறி வந்துட்டேன். கதவத் தொறங்க."
வெளிக்கதவு திறந்ததைக் காட்டும் விளக்கு எரிகிறது. நான் எதையும் அழுத்தவில்லை. சன்னல் வழியே பார்த்தேன். பள்ளத்திலிருந்து கூடம் வரை புதிதாக ஒரு காலடித் தடம், எங்கள் பழைய தடங்களுக்கு மேல்.
மீட்புக் கலத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அவன் உள்கதவைத் தட்டுகிறான். மெதுவாகத்தான் தட்டுகிறான், நான் தூங்கினால் எழுப்பக்கூடாதென்பதுபோல.
இதைக் கண்டெடுப்பவர் அவன் அம்மாவிடம் சொல்லுங்கள். பிள்ளையை நான் இருட்டில் விடவில்லை. கதவைத்