பட்டறைக்குப் பின்னால் ஒரு தென்னை

என் வீட்டுக்காரனுக்கு,

நீ செடி வாங்கப் பக்கத்துத் தீவுக்குப் போன மறுநாள், சுற்றுலாக்காரர்களுக்காக நீ தோட்டம் பார்க்கும் எஸ்டேட்டுக்குப் போனேன். என் முப்பாட்டன்மார் கரும்பு வெட்டிய மண்ணுக்குள் நுழைய டிக்கெட் எதற்கு என்று நானும் போனதில்லை. நீயும் ஒருநாள்கூட வா என்றதில்லை.

தோட்டம் அழகுதான். ஒவ்வொரு செடிக்கும் பெயர்ப்பலகை வைத்திருக்கிறாய். சாயப் பட்டறைக்குப் பின்னால் நிற்கும் தென்னங்கன்றுக்கு மட்டும் பலகை இல்லை, வேலி இருக்கிறது. அந்த வேலியைக் கட்டியிருப்பது நம் வீட்டு நீலக் கயிறு.

பட்டறையில் சாயம் ஏற்றுமுன் துணியில் மெழுகால் பூ தீட்டிக்கொண்டிருந்த வெர்லினிடம் விசாரித்தேன். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது.

"அதுவா? எம் பொண்ணோட தொப்புள்கொடி மரம்க்கா. கொடியப் புதைச்சு அது மேல வச்சது. மூணு வருசமாச்சு."

"யாரு நட்டது?"

"அப்பன்காரன்தான் நடணும், வேற யாரு நடுவா?" என்று சிரித்தாள். "இந்தத் தோட்டத்துல அவரு கைபடாத செடி ஏது?"

ஒரு கைக்குட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நல்ல சாயம்.

நம் மகனுக்கு ஐந்து வயது. அவன் கொடி இன்னும் அலமாரியில் பிஸ்கட் டப்பாவுக்குள் கிடந்தது. நல்ல கன்று கிடைக்கவில்லை என்றாய், நம்பினேன். சந்தையில் முதல் கடையிலேயே கிடைத்தது.

நேற்று கன்றையும் கொடியையும் எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். இது உன் மகனுடைய கொடி என்று சொன்ன பிறகும் வெர்லின் மண்வெட்டி கொடுத்தாள். அவள் மகளின் மரத்துக்குப் பக்கத்திலேயே இருவருமாக நட்டோம்.

திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் இரண்டுக்கும் தண்ணீர் ஊற்று. பட்டறை வாசலில் வெர்லினும் நானும் நிற்போம்.

உன் மகனைப் பெற்றவள்