நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை

மார்ச் 3, செவ்வாய். காலை 9.40. வெளியே போகும் இணைப்புகள்: 41.

லேப்டாப் நகரவே மாட்டேன் என்கிறது என்று அக்கா இரண்டு நாளாகப் புலம்பல். புருஷனை விட்டு என்னிடம் வந்து ஏழு வாரம். டாக்டர்களின் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்கிறாள். அந்த லேப்டாப்தான் அவள் வேலை. ஃபயர்வால் போட்டுவிட்டேன். எந்த ப்ரோக்ராம் வெளியே யாரோடு பேசுகிறது என்று காட்டும், வேண்டாததைத் தடுக்கலாம். நாற்பதுக்குக் காரணம் தெரிகிறது. ஒன்றுக்கு இல்லை. பெயர் ‘பிரிண்டர் உதவி’. இந்த வீட்டில் பிரிண்டரே கிடையாது.

மார்ச் 4

நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம் எடுத்து அனுப்புகிறது. அது லேப்டாப்பிலேயே சேர்த்து வைத்த படங்களைப் பார்த்தேன். ஒன்றில் அம்மாவுக்கு எழுதி அனுப்பாமல் விட்ட மின்னஞ்சல்: ‘மாசக் கடைசியில அவர்கிட்டயே போயிடறேன்.’ இவளுக்குப் புத்தி இருக்கிறதா?

ப்ரோக்ராம் ஏறியது போன ஆகஸ்ட். லேப்டாப்பை வாங்கி, “நானே எல்லாம் போட்டுத் தரேன்”னு குழைந்தது யார்? அவள் புருஷன்.

தடுத்தேன். படங்களையும் அழித்தேன். அக்காவிடம் சொல்லவில்லை, பயந்து சாவாள்.

சாயங்காலம் கேட்டாள்: “பறக்குதேடா, என்ன பண்ணின?”

“குப்பையைக் கூட்டினேன்.”

“அப்படியே உன் ரூமையும் கூட்டேன், புண்ணியமா போகும்.”

மார்ச் 5

தடுக்கப்பட்டவை: 135. நல்லா முட்டிக்கோ.

மார்ச் 7, சனி

நான் ஆபீசில். பதினொன்றேகாலுக்குக் கீழ்வீட்டு டீச்சர் போன். “தம்பி, எல்லாத்தையும் போட்டுட்டு வாங்க.”

அக்கா புருஷன் வந்திருக்கிறான். அக்கா கதவைச் சாத்தப் பார்த்திருக்கிறாள். அவன் உதைத்துத் தள்ளியதில் அவள் வலது கை கதவிடுக்கில் நசுங்கியது. “யாருடி அதைத் தடுத்தது?”னு கத்தினானாம். டீச்சர் காதால் கேட்டது.

நான்தான்டா தடுத்தேன். என்கிட்ட வந்திருக்கலாமே. அவகிட்ட ஏன்—

மார்ச் 8

மூன்று விரலில் எலும்பு முறிவு. ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்கிறார் டாக்டர்.

சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“எனக்குத் தெரியும்டா. ஆகஸ்ட்லேர்ந்தே தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் விட்ட?”

“பாத்துக்கிட்டிருக்கிற வரைக்கும் அவரு தேடி வரமாட்டாரு. திரும்பி வந்துடுவேன்னு அம்மாவுக்கு எழுதி வச்சதே அவரு படிக்கத்தான். வக்கீல்கிட்ட பேசுறது, வேலைக்குக் கேக்குறது எல்லாம் டீச்சர் போன்ல. இருபதாம் தேதி வேற ஊர்ல வேலைக்குச் சேரணும். பன்னிரண்டு நாள்தான்டா இருந்துச்சு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீ சும்மா இருப்பியா?”

இருந்திருக்க மாட்டேன்.

மார்ச் 9

போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று. ஆள் சிக்கவில்லை. வேவு பார்த்ததற்கு ஆதாரம் இருக்கா என்றார்கள். இருந்தது. புதன்கிழமை நானே அழித்தேன்.

மார்ச் 10

புது இடத்தில் கை சரியாகும்வரை காத்திருக்க மாட்டார்களாம். வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். அக்கா “சரி”ன்னு சொல்லி டீச்சரிடம் போனைத் திருப்பிக் கொடுத்தாள். அவ்வளவுதான்.

அடுத்து:

1. அழித்த படங்களை மீட்கப் பார்ப்பது. அழித்ததன் மேல் வேறெதுவும் பதியாமலிருக்க, அதுவரை லேப்டாப்பை யாரும் திறக்கக் கூடாது.

2. ஃபயர்வாலின் தடுப்புப் பட்டியலைக் கடையில் பிரிண்ட் எடுத்து வக்கீலிடம் கொடுப்பது.

3. கதவுக்கு உள்சங்கிலி.

4. அக்காவிடம் பாக்கி பதினாலு ஒலிப்பதிவு. என் கம்ப்யூட்டரில் அவள் கேட்டுச் சொல்ல, நான் தட்டச்சு செய்வது.

5. இந்தப் பட்டியலை முதலில் அக்காவிடம் காட்டுவது. அவள் வேண்டாமென்று கோடு போட்டு அடித்தது போக மிச்சத்தை மட்டும் செய்வது.