டெர்டுல்லா அனுப்பிய காசு

ஜனவரி, முதல் நாள்

தெருவெல்லாம் பேரீச்சம்பழமும் தேனும் கைமாறுகின்றன. என் மகன் அவுலுஸ் செத்ததிலிருந்து என்னோடு பேசாத தங்கை டெர்டுல்லா, தன் வேலையாள் ஹெர்மாவிடம் ஒரு வெண்கலக் காசு கொடுத்தனுப்பியிருக்கிறாள். புத்தாண்டுக்கு இரட்டைமுகத் தெய்வம் போட்ட பழங்காசு கொடுப்பதுதான் வழக்கம். இதில் பழைய மன்னனின் தடித்த கழுத்து. அவுலுஸை வடக்கு எல்லையில் சாகக் கொடுத்தவன். அவன் படைக்குத் தோல் விற்றுத்தான் இவள் புருஷன் மாடிவீடு கட்டினான். அவுலுஸின் ஒன்பதாம் நாள் படையலுக்குக்கூட இவள் வரவில்லை. மறந்திருப்பேன் என்று நினைத்தாளா?

காசைத் தெருவில் எறிந்தேன்.

"திருப்பிப் பாக்கவே இல்லையேம்மா," என்றான் ஹெர்மா.

"திருப்பிப் பாத்தா என்ன தெரியும், அவன் முதுகா? எடுத்துட்டுப் போ."

ஜனவரி, நான்காம் நாள்

நன்றாகத் தூங்கினேன். செய்தது சரிதான்.

ஜனவரி, நடுநாள்

மீன்காரி கல்லிஸ்தே தந்த சில்லறையில் அதே கழுத்து. வேண்டாம் என்று தள்ளினேன்.

"மூஞ்சி பிடிக்கலன்னா கவுத்து வச்சுக்கோ ஆத்தா. சமாதானம் பேசப் போறவங்க இந்தக் காசத்தான் தேடி வாங்குறாங்க."

கவிழ்த்துக் காட்டினாள். இரண்டு வலக்கைகள், ஒன்றையொன்று பிடித்தபடி. சுற்றிலும் குறுக்கிய எழுத்து, எனக்குப் புரியாது. கை புரிகிறது.

அப்படியானால் டெர்டுல்லா — கையையா அனுப்பினாள்?

மறுநாள்

போகலாமா? போய் நின்றால் சிரிப்பாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பிப்ரவரியில் உறவு விருந்து வருகிறது. சண்டைக்காரர்கள் ஒரே பந்தியில் உட்காரும் நாள். அன்று போகிறேன்.

பிப்ரவரி, ஐந்தாம் நாள்

ஹெர்மா கருப்புத் துணியில் வந்தான். டெர்டுல்லாவுக்குக் காய்ச்சலாம். நேற்றே எரித்துவிட்டார்கள். என்னைக் கூப்பிட யாருக்கும் துணிச்சல் வரவில்லையாம்.

"அன்னைக்குக் காசத் திருப்பிக் கொடுத்தப்ப என்னடா சொன்னா?"

"'அக்கா அப்படித்தான்டா. விருந்தன்னைக்கு வந்துருவா'ன்னாங்க."

பிப்ரவரி, இறந்தவர் நாட்களின் கடைசி

டெர்டுல்லாவின் சாம்பல் வைத்த கல்லறைக்குப் போனேன். ஓட்டுத்துண்டில் மதுவில் நனைத்த ரொட்டி, கோதுமை, உப்பு, ஊதாப்பூ வைத்தேன். ரொட்டி சரியாக ஊறவில்லை.

அவள் புருஷன் பக்கத்தில் வந்து நின்றான். "நாளைக்கு வீட்டுக்கு வாங்க மதினி, சாப்பிட."

நாளைதான் உறவு விருந்து. உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும்.

இன்னும் கொஞ்சம் உப்புத் தூவினேன். அவளுக்கு உப்பு தூக்கலாக இருக்க வேண்டும்.