சிம்மாசனத்துக்கு அளித்த முதல் எண்

நன்மை சூழ்க. நீர் குறையாத செங்கழனி நாட்டின் தலைவரும், மூன்று அணைகளுக்கும் ஒன்பது கோட்டங்களுக்கும் காவலருமாகிய அரசர் பெருவேழர் திருமுன்புக்கு, குளிர்க்குன்ற மாளிகையில் சேரும்படி, மாடமருதூர்க் கோட்டையின் வலைக்காவல் அதிகாரி காந்தளம்மை பணிந்து எழுதும் ஓலை. தங்கள் உடலும் உறக்கமும் நலமாக இருக்கட்டும். குன்றின் மழை அளவோடு பெய்யட்டும்.

இச்செய்தியைக் கம்பி வழியே அனுப்பாமல் ஓலையில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. கோட்டையின் கணினி வலையில் இன்று யார் பெயரில் யார் பதில் சொல்கிறார் என்பது தெளிவாக இல்லை. அதற்கு நானே பொறுப்பு.

நம் நாட்டில் எந்தக் கருவிக்கும் அதன் முகவரியாகிய ஐ.பி. எண் தானாக வழங்கப்படுவதில்லை. கருவியின் எண்ணையும், அதன் செய்தி வெளியே செல்ல வேண்டிய வாசலின் எண்ணையும் அதிகாரி நேரில் சென்று கையால் பதிய வேண்டும் என்பது தங்கள் பாட்டனார் விதித்த முறை. வாசல் என்பது கோட்டையின் ரவுட்டர். அதன் எண் 192.168.10.1. மேலணையின் மதகுக் கருவி உட்பட இருநூறு கருவிகளில் இந்த எண்ணே வாசலாகப் பதியப்பட்டிருக்கிறது.

சென்ற வெள்ளிக்கிழமை சிம்மாசன மண்டபத்தில் புதிய கருவியை நிறுவியபோது, சடங்குநாயகர் ஆதனுங்கர் அதற்கு என்ன எண் என்று கேட்டார். எண்ணின் கடைசிப் பகுதியாக, காலியாக இருந்த நூற்றிரண்டைத் தருகிறேன் என்றேன். அரசருக்கு முன்னால் நூற்றொருவர் வரிசையில் நிற்கிறார்களா என்றார். அவை சிரித்தது. முதல் எண் வாசலுடையது என்று சொல்லத் தொடங்கினேன். “வாசக்காரனுக்கு ஒண்ணு, வேந்தருக்கு நூத்திரெண்டா? நல்ல கணக்கும்மா உன் கணக்கு” என்றார். மீண்டும் சிரிப்பு எழுந்தது. ஒரே எண்ணை இருவர் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதை அறிந்திருந்தும், நான் பேச்சை விட்டு 1 என்று பதிந்தேன். அன்று நண்பகல் தாங்கள் குன்றுக்குப் புறப்பட்டீர்கள். வழக்கப்படி மண்டபம் தங்கள் மோதிர முத்திரையால் பூட்டப்பட்டது. கருவி உள்ளே விழித்திருந்தது.

மறுநாள் மேலணைக்கு வெள்ளம் வந்தது. வாசலுக்கு வெளியே இருந்து மதகைத் திறக்கும் சர்வர் அணைக்கு ஆணை அனுப்பியது. ஆணை போய்ச் சேர்ந்தது. ஆனால் அணையின் கருவி பதிலை வெளியே அனுப்ப வாசலைத் தேடியபோது, அந்த எண் நானே என்று வாசலும் சொன்னது, சிம்மாசனமும் சொன்னது. பதில் சிம்மாசனத்துக்குச் சென்றது. வந்த செய்தியை மற்றோரிடம் கொண்டுசேர்க்கச் சிம்மாசனத்துக்குத் தெரியாது. ஆணை கிடைத்தது என்ற பதில் வராமல் மதகைத் திறக்கச் சர்வருக்கு அனுமதி இல்லை.

ரவுட்டருக்கு வேறு எண் தந்தாலும், அணையின் கருவியில் வாசலின் எண்ணை மாற்ற ஆற்றைக் கடந்தாக வேண்டும். ஞாயிறன்று காலை துறைக்குச் சென்று, அரசு காரியம் என்று ஓடக்காரர் சடையாண்டியிடம் மூன்று முறை கேட்டேன். “ராசா பேரச் சொன்னா ஆறு ஒதுங்கி நிக்குமா தாயி? நிக்கும்னா சொல்லு, இப்பவே தள்ளுறேன்” என்றார். அவர் சொன்னது சரி. ஆற்றில் முழு மரங்கள் போய்க்கொண்டிருந்தன. திங்கள் விடிந்தபோது நீர் அணையின் விளிம்புக்கு இரண்டு சாண் கீழே நின்றது. அணைக்குக் கீழே தாழைப்பாடி இருக்கிறது. தொள்ளாயிரம் வீடுகள்.

இனி ஒரே வழிதான் இருந்தது. சிம்மாசன மண்டபத்திலிருந்து என் அறைக்கு வரும், செங்கயிறு கட்டிய கேபிளைப் பிடுங்குவது. அரசர் காலமானால் அன்றி அக்கேபிளில் கை வைக்கலாகாது என்பது தாங்கள் அறிந்ததே. கோபுரத்து உயிர்விளக்கின் கருவி சிம்மாசனத்தின் எண்ணை நொடிக்கொரு முறை அழைக்கும். பதில் வரும்வரை விளக்கு எரியும். அது அணைந்தால் துக்கப்பறை முழங்கும். கீழை எல்லையில் நாலாயிரம் வீரருடன் இருக்கும் தங்கள் தம்பியார் கடுங்கண்ணர் அன்றே கோட்டையைக் கைக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். கைக்கொண்டவர் திருப்பித் தருவார் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

தங்களிடம் கேட்டுவர ஒன்றரை நாள் ஆகும். அணைக்கு அரை நாளும் இல்லை. பிடுங்கினேன்.

விளக்கு அணைந்தது. தெருவில் அழுகுரல் எழுந்தது. பறை முழக்குவோரின் தலைவர் கோலை ஓங்கினார். அது தோலில் விழும் முன்பே விளக்கு மீண்டும் எரிந்தது. “ராசா செத்துப் பொழச்சுட்டாருடோய்!” என்று யாரோ கத்த, அழுதவர்களே சிரித்தார்கள். அரண்மனை வாயிலில் தேங்காய் உடைத்தார்கள். கால் நாழிகையில் அணையின் பதில் வந்தது. மதகுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தாழைப்பாடியில் பதினொரு சூளைகள் நீரில் போயின. உயிர் எதுவும் போகவில்லை.

விளக்கு ஏன் எரிந்தது என்பதை இதுவரை நான் யாருக்கும் சொல்லவில்லை. தெய்வச் செயல் என்று ஆதனுங்கர் மூன்று நாள் விழா அறிவித்துவிட்டார். விளக்கின் கருவி முதல் எண்ணை அழைத்தது. சிம்மாசனம் இல்லாததால் அதே எண்ணுள்ள ரவுட்டர் பதில் சொன்னது. அவ்வளவே. இப்போது அந்த விளக்கு தங்கள் பெயரால் எரியவில்லை. தாங்கள் இருந்தாலும் எரியும், இல்லாவிட்டாலும் எரியும். இந்த நாட்டுக்கு அரசர் இருக்கிறாரா என்பதை இன்று முடிவு செய்வது என் அறையில் இருக்கும் ஒரு பெட்டி. அப்படி ஓர் அதிகாரம் என்னிடமோ, எனக்குப் பின் இந்த அறைக்கு வருபவரிடமோ இருப்பது எனக்கு அச்சமாக இருக்கிறது.

ஆகவே இதே சொற்களில் கடுங்கண்ணருக்கும் ஓர் ஓலை அனுப்பியிருக்கிறேன். தமையனார் உயிரோடு இருக்கிறார் என்றும், எரிந்தாலும் அணைந்தாலும் விளக்கை நம்ப வேண்டாம் என்றும் எழுதினேன். அதைப் படித்து அவர் அமர்ந்திருப்பாரா, புறப்படுவாரா என்பதை நான் அறியேன். பொய்யான விளக்கை நம்பி அவர் அமர்ந்திருப்பதைவிட உண்மையை அறிந்து புறப்படுவது மேல் என்று துணிந்தேன். அது பிழையானால் தண்டனைக்கு உரியவள் நானே. சடங்குநாயகரை இதில் சேர்க்க வேண்டாம். அவர் கேட்டார். பதிந்தது என் கை.

தாங்கள் உடனே புறப்பட்டு வந்து மக்களுக்கு முகம் காட்ட வேண்டுகிறேன். மண்டபத்தைத் திறந்து, சிம்மாசனத்தின் கருவிக்கு நூற்றிரண்டு என்றும், விளக்கின் கருவி அழைக்க வேண்டிய எண் நூற்றிரண்டு என்றும் தங்கள் கையாலேயே பதிய வேண்டுகிறேன். அதுவரை அக்கேபிளை எவரும், எவர் சொன்னாலும், இணைக்கலாகாது என்று வலைக்காவலர் அறுவருக்கும் ஆணையிட்டிருக்கிறேன்.

செங்கழனி நீரோடும் நெல்லோடும் நிலைக்கட்டும். இது மாடமருதூர்க் கோட்டையிலிருந்து, புதன்கிழமை முற்பகல், காந்தளம்மை கைப்பட எழுதியது. வலைக்காவல் முத்திரையை இதில் பதித்தபின், அந்த முத்திரையையே ஓலையோடு சேர்த்துக் கட்டி அனுப்புகிறேன். தாங்கள் வரும்வரை இங்கே ஆணையிட என் கையில் எதுவும் இல்லை.